மூக்கு உடைந்த இஸ்திரிப் பெட்டி

செல் நம்பர் மூன்றில் ஒரு ஆள் அசையாமல் கிடந்தான்.

இரும்புக் கட்டில். கோடு போட்ட கைதிச் சட்டை. திறந்த கண்கள். ஒரு ஈ அவன் மூக்கின் மேல் ஏறி, நெற்றி வரை நடந்து போனது... அவன் அதை விரட்டவில்லை.

லோர்னா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பயந்துட்டியா கண்ணு? அவர் பேரு பாப்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மெயின் ஸ்ட்ரீட்ல ஒரு துணிக்கடை இருந்துச்சாம். அதை மூடினப்போ நமக்குக் கொடுத்தாங்க. கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு ஜன்னல்ல நின்ன பொம்மை. இப்போ ஆயுள் தண்டனை."

சொன்னவள் ஆர்லீன். எழுபத்திரண்டு வயது. கழுத்தில் சாவிக்கொத்து, கையில் எலுமிச்சை பார் என்ற இனிப்புத் துண்டுகள் அடுக்கிய தட்டு. அயோவாவில் முப்பது வருஷம் டீச்சராக இருந்துவிட்டு, ஏரிக்கரையில் ஓய்வெடுக்கலாம் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் புருஷனோடு டாமராக் ஃபால்ஸுக்கு வந்தவள். ஓய்வு இரண்டே மாசத்தில் கசந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த மியூசியமே கதி!

மியூசியம் என்றால் பழைய கவுண்டி ஜெயில், அதாவது மாவட்டச் சிறை. சிவப்புக் கல் கட்டடம். முன்பக்கம் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் குடும்பம் வாழ்ந்த வீடு, பின்பக்கம் ஆறு செல்கள். கோடையில் மட்டும், சனிக்கிழமை மட்டும், ஒன்றிலிருந்து நாலு மணி வரை மட்டும் திறப்பார்கள். இந்தச் சனிக்கிழமைக்கு வந்திருந்த ஒரே ஆள் லோர்னாதான்.

ஆயுள் தண்டனை ஜோக்குக்கு அவள் சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. அவள் தம்பி ரூடி இருபத்து மூன்று வருஷமாக அதைத்தான் அனுபவித்துக்கொண்டிருந்தான்.

"சமையலறை எந்தப் பக்கம் ஆர்லீன்?"

"அவசரப்படாதே. ஒண்ணொண்ணா காட்டறேன். விசிட்டர் புத்தகத்துல கையெழுத்துப் போட்டியே, கடைசிக் கட்டத்தை காலியா விட்டுட்டே. 'உங்கள் கருத்து'ன்னு போட்டிருக்கு பாரு."

"போகும்போது எழுதறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. யாரும் எழுதறதில்ல."

லோர்னா நடந்தாள். வயது ஐம்பத்தெட்டு. டுலூத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்த களைப்பு. அந்தக் களைப்புக்குக் கீழே வேறொரு களைப்பு இருந்தது. அதன் வயது இருபத்து மூன்று.

2001 நவம்பர். மான் வேட்டை ஆரம்பித்த வாரம். ஹில்டா லிண்ட்குவிஸ்ட் என்ற கல்யாணமாகாத கிழவி தன் வீட்டுச் சமையலறையில் மண்டை உடைந்து கிடந்தாள். அவள் வீட்டில் எடுபிடி வேலை பார்த்தவன் ரூடி ஸ்கூபிக். முதல் நாள்தான் கிழவி அவனைத் திட்டி வேலையை விட்டு அனுப்பியிருந்தாள்.

போதாதா? போதும் என்றது ஜூரி.

இரண்டு பொருள் மட்டும் கடைசி வரை கிடைக்கவே இல்லை. ஒன்று, கிழவி கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்த பழைய வார்ப்பிரும்பு இஸ்திரிப் பெட்டி. மூக்கில் இடப்பக்கம் உடைந்தது. மண்டைக் காயமும் அதே வடிவம். இன்னொன்று, ரூடி அன்று போட்டிருந்த பௌலிங் டீம் சட்டை, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டத்துக்கானது. லாண்டரியில் திருட்டுப் போய்விட்டது என்றான் ரூடி. "ஆமாம், நான்தான் லாண்டரிக்குக் கொண்டு போனேன்" என்று கோர்ட்டில் பைபிள் மேல் கை வைத்துச் சொன்னாள் லோர்னா.

அது பொய். ரூடி அழுதுகொண்டு கேட்டான். அக்கா சொன்னாள். நிரபராதிக்காக ஒரு சின்னப் பொய், அவ்வளவுதான் என்று அவளுக்கு அன்றும் நம்பிக்கை, இன்றும் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு அவள் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. மனு மேல் மனு. வக்கீல் மேல் வக்கீல். "உன் தம்பியா நானா" என்று கேட்ட புருஷன் கேரி பெர்க்ஸ்ட்ராம் பதில் கிடைத்ததும் கிளம்பிப் போனான். அவள் பெர்க்ஸ்ட்ராம் பெயரைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஸ்கூபிக் ஆனாள்.

இப்போது ரூடிக்கு ஈரலில் கேன்சர். டாக்டர்கள் சொன்ன கணக்கு ஏழு மாசம். திங்கட்கிழமை கடைசி மனு விசாரணைக்கு வருகிறது. புது ஆதாரம் இருந்தால் மறு விசாரணை. இல்லாவிட்டால் ரூடி ஜெயிலிலேயே சாவான்.

புது ஆதாரத்துக்கு லோர்னா எங்கே போவாள்?

வியாழக்கிழமை அது தானாக வந்தது! மியூசியத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு போட்டோ. 'எங்கள் புதிய சமையலறைக் காட்சி!' அலமாரி, அடுப்பு, வெண்ணெய் கடையும் மரத்தொட்டி... அடுப்பு மேல் வரிசையாக இஸ்திரிப் பெட்டிகள்.

மூன்றாவது பெட்டியின் மூக்கில் இடப்பக்கம் உடைந்திருந்தது.

"இதோ, ஷெரிஃப் பொண்டாட்டியோட சமையலறை," என்றாள் ஆர்லீன். "கைதிகளுக்கும் இங்கதான் சமையல். அந்தச் சின்ன ஜன்னல் வழியா தட்டைத் தள்ளுவாங்க."

லோர்னா எதையும் கேட்கவில்லை. நேராக அடுப்பிடம் போனாள். பையிலிருந்து பழுப்பேறிய காகிதம் ஒன்றை எடுத்தாள். பிரேதப் பரிசோதனைப் படத்தின் நகல். மடிப்புகளில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

இரும்பின் மூக்கு மேல் காகிதத்தைப் பிடித்தாள்.

அச்சு அசலாகப் பொருந்தியது.

"தொடக்கூடாது கண்ணு," என்றாள் ஆர்லீன் மெதுவாக. "கையில உப்பு இருக்கும். துருப்பிடிச்சுடும்."

"ஏற்கனவே யாராவது தொட்டாங்களா?"

"நான்தான். ஏன் கேக்கற, வந்தப்போ எவ்வளவு அசிங்கமா இருந்துச்சு தெரியுமா? துருவோட துருவா கருப்பா ஏதோ காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஏதோ பழைய குழம்புன்னு நினைச்சேன். ரெண்டு நாள் சோப்புத் தண்ணியில ஊறப் போட்டேன். இரும்பு நாரால நல்லா தேச்சேன். அப்புறம் அடுப்புல சூடு பண்ணி எண்ணெய் போட்டு..."

லோர்னா சுவரில் சாய்ந்தாள்.

"என்னம்மா? உக்காரறியா?"

"ஒண்ணுமில்ல. நல்லா... பளபளன்னு இருக்கு."

இருபத்து மூன்று வருஷம் யாருக்கும் அகப்படாத ஆயுதம். ரத்தம், முடி, கைரேகை எல்லாம் அதில் இருந்திருக்கும். ஒரு ரிட்டயர்டு டீச்சர் அதைத் தேய்த்துக் கழுவிச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். யாரைக் கோபித்துக்கொள்வது? அவளுக்கு இந்த ஊர்க் கதையே தெரியாது.

ஆனாலும் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. பெட்டியின் கைப்பிடிக்குக் கீழே வெள்ளை மையில் பொடி எழுத்தில் ஒரு எண். 2013.14.3.

"இது என்ன நம்பர்?"

ஆர்லீனின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதே இல்லை.

"முதல்ல இருக்கறது சாமான் வந்த வருஷம். அடுத்தது அந்த வருஷத்துல வந்த பதினாலாவது ஆள். கடைசி நம்பர், அந்த ஆள் கொடுத்த மூணாவது சாமான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கார்டு உண்டு. யார் கொடுத்தாங்க, எதுல சுத்தி வந்துச்சு, எல்லாம் எழுதிருப்பேன்."

"2013லயே வந்துச்சா? அப்புறம் ஏன் இந்த வருஷம் வச்சிருக்கீங்க?"

"எல்லாம் நிலவறையில கிடந்துச்சும்மா. இந்த ஊர்க்காரங்க எதையும் தூக்கிப் போட மாட்டாங்க. வீட்டைக் காலி பண்ணா பெட்டி பெட்டியா கொண்டு வந்து இங்க இறக்கிட்டுப் போயிடுவாங்க. நான் வந்தப்போ நூத்துப் பத்துப் பெட்டி பிரிக்காமயே கிடந்துச்சு. வருஷம் வருஷமா பிரிச்சுக்கிட்டு வரேன். இப்பதான் 2013க்கு வந்திருக்கேன்."

2013!

அந்த வருஷம் இந்த ஊரில் ஒரு வீடு விற்பனையானது. கொலை நடந்த ஹில்டாவின் வீடு. அதைக் காலி செய்து விற்றவன் யார்? ஹில்டாவின் அண்ணன் மகன் டேல் லிண்ட்குவிஸ்ட். அத்தைக்கு ஒரே வாரிசு. ரூடிக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றவன்.

"கொடுத்தது யாரு ஆர்லீன்?"

"அதை மட்டும் சொல்ல முடியாது."

"ஏன்?"

"ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கு. 'என் பெயரை வெளியிட வேண்டாம்'னு. அந்த ஆள் அதுல டிக் பண்ணிருக்காங்க. நல்லா ஞாபகம் இருக்கு. பழைய குக்கர், ஊறுகாய் ஜாடி, மாவு டின்... இதுக்குப் போய் யாரு பேரை மறைப்பாங்கன்னு சிரிச்சேன்."

"யார் மறைப்பாங்க?" என்றாள் லோர்னா. "மறைக்க விஷயம் இருக்கறவங்க மறைப்பாங்க."

"என்ன சொல்ற?"

"அந்தக் கார்டை நான் பாக்கணும்."

"நான் காட்டினா தலைவர் என்னைக் கடிச்சுத் தின்னுடுவார். வேணும்னா அவரையே கூப்பிடறேன். பக்கத்துத் தெருதான்."

"யாரு தலைவர்?"

"டேல். டேல் லிண்ட்குவிஸ்ட்."

லோர்னா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான்.

"கூப்பிடுங்க. உடனே கூப்பிடுங்க."

ஆர்லீன் போன் செய்ய முன்னறைக்குப் போனாள். லோர்னா தன் போனை எடுத்து ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அங்கே போலீஸ் அதிகாரியான டெபுடி ஹக்காலா எடுத்தார்.

"லிண்ட்குவிஸ்ட் கேஸ்ல கொலை ஆயுதம் கிடைச்சிருக்கு. பழைய ஜெயில் மியூசியத்துல இருக்கேன். யார் கொண்டு வந்து கொடுத்தாங்கன்னு இங்க ஒரு கார்டு இருக்கு. அதை அழிக்கறதுக்குள்ள வாங்க."

"மேடம்... நீங்க லோர்னா ஸ்கூபிக்கா?" அந்த அலுவலகத்தில் அவள் குரல் தெரியாதவர்கள் கிடையாது. "போன வருஷம் கூட ஏதோ ஷூ கிடைச்சுதுன்னு சொன்னீங்க."

"இந்தத் தடவை ஷூ இல்ல. கார்டுல யார் பேர் இருக்கோ அவங்கதான் கொலையை மறைச்ச ஆள். எழுதி வச்சுக்குங்க. வரீங்களா மாட்டீங்களா?"

பெருமூச்சுச் சத்தம் கேட்டது. "அரை மணியில வரேன்."

ஆர்லீன் திரும்பி வந்தாள். சாவிக்கொத்து குலுங்கியது.

"டேல் பத்து நிமிஷத்துல வரேன்னார். அதுக்குள்ள வா, செல்லுக்குள்ள உன்னை வச்சு ஒரு போட்டோ எடுத்துடறேன். வர்றவங்க எல்லாரையும் ரெண்டு நிமிஷம் பூட்டுவோம். அதான் இங்க ஸ்பெஷல்."

மறுத்தால் சந்தேகம் வரும். போகட்டும், ரூடி இருபத்து மூன்று வருஷம் இருந்ததில் இரண்டு நிமிஷம் தானும் இருந்து பார்க்கலாம் என்று லோர்னா செல் நம்பர் நாலுக்குள் போனாள்.

கதவு மூடியது. பூட்டு விழுந்தது. ஃபிளாஷ் அடித்தது.

"சிரிக்கவே மாட்டேங்கறியே," என்று ஆர்லீன் குறைப்பட்டுக்கொண்டிருந்தபோது முன்கதவு திறக்கும் சத்தம்.

"டேல் வந்துட்டார்! ஒரு நிமிஷம் கண்ணு, இதோ வந்துடறேன்."

சாவியோடு போய்விட்டாள்.

அதே நேரம் லோர்னாவின் போன் அடித்தது. பதிவு செய்த குரல். 'இது சிறைச்சாலையிலிருந்து வரும் அழைப்பு. ஏற்றுக்கொள்ள எண் ஒன்றை அழுத்தவும்.'

அழுத்தினாள்.

"அக்கா." ரூடியின் குரல் மெலிந்து போயிருந்தது. "எங்க இருக்க?"

"சொன்னா நம்ப மாட்டே. ஜெயிலுக்குள்ள இருக்கேன். ரூடி, கிடைச்சுடுச்சுடா. இஸ்திரிப் பெட்டி. மியூசியத்துல வச்சிருக்காங்க."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"ரூடி? கேக்குதா?"

"கேக்குது." ரொம்ப நேரம் கழித்து, "அது... அது மட்டும்தான் கிடைச்சுதா?" என்றான்.

"அது போதாதா உனக்கு? கொடுத்த ஆள் பேரு கார்டுல இருக்கு. டேல்தான். பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும். திங்கட்கிழமை நீ ஜெயிப்படா."

"அக்கா, விட்டுடு. வீட்டுக்குப் போ. எனக்கு இருக்கறது ஏழு மாசம். அதுக்காக இவ்வளவு..."

"வாயை மூடு. சாகற வரைக்கும் நீ கொலைகாரனா இருக்க வேண்டாம். வச்சுடறேன், ஆள் வராங்க."

பாவம், நம்பிக்கையே செத்துப் போச்சு பையனுக்கு என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முன்னறையில் பேச்சுக்குரல். ஆர்லீனின் படபடப்பு. டேலின் கனத்த குரல். அப்புறம் இரும்பு அலமாரியின் இழுப்பறை திறக்கும் ஓசை... கார்டுகள் புரளும் ஓசை...

அப்புறம் எதுவும் இல்லை.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். லோர்னா கம்பியைப் பிடித்து உலுக்கினாள். நூறு வருஷப் பூட்டு அசையவில்லை.

"ஆர்லீன்! கதவைத் திறங்க!"

காலடிச் சத்தம் வந்தது. ஆனால் அது ஆர்லீனுடையது இல்லை.

டேல் லிண்ட்குவிஸ்ட் கம்பிக்கு வெளியே வந்து நின்றான். ஆறடி உயரம், வெளுத்த தலை. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இருபத்து மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அவன் ஒரு கையில் சாவிக்கொத்து. இன்னொரு கையில் ஒரு கார்டு. முகத்தில் ரத்தம் வற்றியிருந்தது.

"படிச்சிட்டியா?" என்றாள் லோர்னா.

"படிச்சேன்."

"அதைக் கிழிச்சுடலாம்னு பாக்காதே. டெபுடி வந்துக்கிட்டு இருக்கார்."

டேல் கண்ணை மூடித் திறந்தான். "கூப்பிட்டுட்டியா?"

"கூப்பிட்டேன்."

"திரும்பக் கூப்பிடு. தப்பா சொல்லிட்டேன், வர வேண்டாம்னு சொல்லு."

"ஏன், பயமா இருக்கா?"

"லோர்னா, நான் சொல்றதைக் கேளு." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "வீட்டுக்குப் போ. கார்ல ஏறி டுலூத்துக்குப் போயிடு. இதை திங்கட்கிழமை நானே கோர்ட்ல கொடுத்துக்கறேன். நீ இங்க நிக்க வேண்டாம்."

"சத்தியமா கொடுப்பியா டேல்? உங்க அத்தை வீட்டைக் காலி பண்ணப்போ பேரை மறைச்சுக் கொடுத்தவன்தானே நீ? என் தம்பி வாழ்க்கை போச்சு. என் புருஷன் போனான். எங்கம்மா 'என் பிள்ளையை வெளியில பாக்காம சாகறேனே'ன்னு அழுதுக்கிட்டே செத்தா. இப்ப என்னைப் பூட்டி வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போன்னு சொல்ற."

டேல் பூட்டில் சாவியை நுழைத்தான். கதவு திறந்தது.

"உன்னைப் பூட்டி வைக்க நான் வரல," என்றான். "போயிடு. கெஞ்சிக் கேக்கறேன்."

வெளியே கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. அரை மணி என்று சொன்ன ஹக்காலா பதினைந்தே நிமிஷத்தில் வந்திருந்தார்.

லோர்னா நேரே முன்னறைக்கு நடந்தாள். ஜெயித்துவிட்ட நடை. பின்னால் டேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். ஆர்லீன் எலுமிச்சை பார் தட்டைப் பிடித்தபடி யாருக்கு நீட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

"என்ன டேல்?" என்றார் ஹக்காலா. "ஏதோ கார்டுன்னு இவங்க சொல்றாங்க."

"இருக்கு. தரேன். இவங்க இல்லாம தரேன்."

"இல்ல," என்றாள் லோர்னா. "என் முன்னாடி. சத்தமா படிக்கணும்." தன் போனில் பதிவு செய்யும் பொத்தானை அழுத்தி மேஜை மேல் வைத்தாள். "திங்கட்கிழமை நீதிபதி இதைக் கேக்கணும். படி டேல். எல்லாத்தையும் படி."

டேல் ஹக்காலாவைப் பார்த்தான். ஹக்காலா தோளைக் குலுக்கினார். "படிச்சுடுங்க. சீக்கிரம் முடியட்டும்."

டேல் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

"எண் 2013.14.3. பொருள், வார்ப்பிரும்பு இஸ்திரிப் பெட்டி. மூக்கில் சேதம். வந்த தேதி, 2013 ஜூன் எட்டு."

"அடுத்தது," என்றாள் லோர்னா. "கொடுத்தவர் பேர்."

டேல் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். இருந்தது இரக்கம்.

"கொடுத்தவர்... திருமதி லோர்னா பெர்க்ஸ்ட்ராம்."

ஹக்காலா திரும்பி லோர்னாவைப் பார்த்தார்.

"யாரு அது?" என்றாள் ஆர்லீன், ஊருக்குப் புதியவள்.

லோர்னாவின் கல்யாணப் பெயர் அது; 2013ல் அவள் இன்னும் அதைக் கழற்றவில்லை.

லோர்னாவுக்கு நினைவு வந்தது. 2013 ஜூன். அம்மா செத்த மாசம். வீட்டை மூன்றே நாளில் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. நிலவறையில் அம்மா சேர்த்து வைத்த டின்கள் எழுபதுக்கு மேல். 2001ல் சோதனை போட வந்த போலீஸே இருபது டின்னைத் திறந்து பார்த்துவிட்டுக் களைத்துப் போனார்கள். லோர்னா எதையும் திறக்கவில்லை. ஒரு பெட்டி சர்ச்சுக்கு, ஒரு பெட்டி குப்பைக்கு, ஒரு பெட்டி மியூசியத்துக்கு என்று அள்ளிப் போட்டாள். ஃபாரம் நீட்டியபோது 'பெயரை வெளியிட வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் செய்தாள். கொலைகாரன் வீட்டுச் சாமான் என்று தெரிந்தால் அம்மாவின் ஊறுகாய் ஜாடியைக் கூட வாங்க மாட்டார்களே என்ற வெட்கம்! அன்றோடு அந்தப் பெட்டியையும் டிக்கையும் மறந்தே போனாள்.

"என் அம்மா வீட்டு நிலவறை," என்றாள். தனக்கே சொல்லிக்கொள்வது போல மெதுவாக. "ரூடியோட ரூம் அங்கதான்."

ஹக்காலா தொப்பியைக் கழற்றினார். "மேடம், பெட்டியைக் கழுவிட்டதா ஆர்லீன் வாசல்லயே சொல்லிட்டாங்க. ஒரு கார்டை மட்டும் வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. அதை யார் வேணும்னாலும் அங்க கொண்டு போய் வச்சிருக்கலாம்."

லோர்னா சட்டென்று அவரைப் பார்த்தாள். ஆமாம்! யார் வேண்டுமானாலும்! நிலவறைக்கு வெளிப்பக்கமும் ஒரு கதவு உண்டு. ஒரு நொடி... ஒரே ஒரு நொடி அவளுக்கு மூச்சு வந்தது.

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்றான் டேல்.

"வேண்டாம்," என்றாள் லோர்னா.

மேஜை மேல் போன் பதிவு செய்துகொண்டே இருந்தது.

டேல் தயங்கினான். ஹக்காலா கையை நீட்டிக் கார்டை வாங்கித் தானே படித்தார்.

"மாவு டின்னுக்குள் இருந்தது. பௌலிங் சட்டையில் சுற்றப்பட்டிருந்தது. சட்டை தனியே பதிவு செய்யப்பட்டு... மாடி, விளையாட்டு அறை, நாலாம் கண்ணாடிப் பெட்டி."

"ஆமா ஆமா," என்றாள் ஆர்லீன். தனக்குத் தெரிந்த விஷயம் வந்ததில் அவளுக்கு ஒரு ஆறுதல். "நல்ல சட்டை. அந்தப் பழைய பௌலிங் கூடத்தோட பேரு முதுகுல எம்ப்ராய்டரி போட்டிருக்கு. வாங்க காட்டறேன்."

மரப் படிகள் ஒவ்வொன்றும் முனகின. லோர்னா மேஜை மேலிருந்த போனை எடுத்துக்கொள்ள, நாலு பேரும் ஏறினார்கள்.

நாலாம் கண்ணாடிப் பெட்டியில் ஏழெட்டுச் சட்டைகள். நடுவில் ஒரு நீலப் பச்சைச் சட்டை. முதுகு வெளியே தெரியும்படி மாட்டியிருந்தது. மஞ்சள் நூலில் விழும் பௌலிங் கட்டைகள்.

"ஏன் திருப்பி மாட்டியிருக்கு?" என்றார் ஹக்காலா.

"முன்பக்கம் முழுக்கக் கறை. பழுப்பா, பெரிசா. விளையாடிட்டு சாப்பிடறப்போ கொட்டிருப்பாங்க போல. பாக்க நல்லா இல்லைன்னு திருப்பிட்டேன்."

"துவைச்சீங்களா?"

ஆர்லீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வருஷ டீச்சர் பார்வை.

"இரும்பைத்தான் கழுவலாம் டெபுடி. பழைய துணி மேல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. சாயம் போயிடும், இழை விட்டுடும். இங்க மாட்டற வரைக்கும் அமிலம் இல்லாத காகிதத்துல சுத்தி, இருட்டுல வச்சு... வந்த நாள்ல எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருக்கேன்."

பெட்டியைத் திறந்தாள். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்குவது போலச் சட்டையைத் தூக்கித் திருப்பினாள்.

இடப்பக்கப் பாக்கெட் மேல் மஞ்சள் நூல் எழுத்து. ரூடி.

அதற்குக் கீழே ஆரம்பித்து இடுப்பு வரை கறை.

'அது மட்டும்தான் கிடைச்சுதா?' என்று கேட்டானே... அவன் கேட்டது இதைத்தான். லோர்னாவுக்கு அப்போது புரிந்தது. விளையாட்டு வீரர்கள் உட்காரப் போட்டிருந்த பழைய பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அதிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, 'உட்காராதீர்கள்' என்று. ஆர்லீன் ஒன்றும் சொல்லவில்லை.

அழுகை வரவில்லை. அழுவதற்கு ஒரு ஓரத்திலாவது கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருக்க வேண்டும். இருபத்து மூன்று வருஷம் அவள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கதவு இன்று திறந்தது. உள்ளே இருந்தது அவள் தம்பிதான், எல்லாரும் சொன்ன அதே தம்பி.

"இது பரிசோதனைக் கூடத்துக்குப் போகணும்," என்றார் ஹக்காலா. பிறகு, கஷ்டப்பட்டு, "மேடம், அன்னைக்கு நீங்க கோர்ட்ல... இந்தச் சட்டையை லாண்டரிக்குக் கொண்டு போனதா சத்தியம் பண்ணீங்க."

"பண்ணேன்."

"அதைப் பத்தியும் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

டேல் பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தான். செத்தது அவன் அத்தை. அவனுக்குச் சந்தோஷப்பட உரிமை உண்டு. அவன் சந்தோஷப்படவில்லை. "உன்னைப் போகச் சொன்னேனே லோர்னா," என்றான்.

"சொன்ன. ரூடியும் சொன்னான்."

அவள் போன் அடித்தது. திரையில் சிறைச்சாலை எண். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு அழைப்பைக் கூட அவள் தவற விட்டதில்லை. இன்று போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

மணி நாலு. ஆர்லீன் பழக்க தோஷத்தில் கீழே போய் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். செல் நம்பர் மூன்றில் பாப் இருட்டுக்குள் போனான். லோர்னா படியிறங்கி வாசலுக்கு வந்தபோது, என்ன சொல்வது என்று தெரியாத ஆர்லீன் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். விசிட்டர் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

லோர்னா காலியாக விட்ட கட்டத்தில் எழுதினாள்.

'எல்லாவற்றையும் மிக நன்றாகப் பாதுகாத்து வைத்திருக்கிறீர்கள்.'

ஆர்லீன் படித்தாள். கண் கலங்கியது. எது எதற்கு என்று பிரிக்கத் தெரியாமல், வாசலில் எல்லாரிடமும் சொல்லும் வாசகம் அவள் வாயில் தானாக வந்துவிட்டது.

"வீட்டுல வேற ஏதாவது பழசு இருந்தா... எங்களுக்குக் கொடுங்க கண்ணு."

"ஒரு தம்பி இருந்தான்," என்றாள் லோர்னா. "அவனையும் இன்னிக்குக் கொடுத்துட்டேன்."